ஊறப் போட்டுட்டு உக்காரு, மருமகனே

வாங்கிட்ட. சரி, வாங்கினது வாங்கினதுதான். பொக்ஸ் லான்சர், ஸ்ரீ நம்பர், ஒரு கதவைச் சாத்தினா மத்தக் கதவு தெறக்குது, ஹோர்ன் அடிச்சா வைப்பர் ஆடுது. பேங்க்குல ஊரான் காணி உறுதியை எல்லாம் வெளிச்சத்துல பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாக்குற புள்ள நீ, இந்தக் காரை மட்டும் குனிஞ்சு அடிப்பக்கம் பாக்காமலே வாங்கியிருக்க. நான் குத்தம் சொல்லல. உங்கப்பன் என் தங்கச்சியைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் ஒண்ணையும் விசாரிக்காமத்தான் தலையாட்டினாரு. எங்களுக்கு அப்ப அது வசதியா இருந்துச்சு.

இப்ப சேதி என்னன்னா, முன்னாடி ஷெல்லு, அதான் கிரில்லு, ரெண்டு பக்கக் கண்ணாடிக் கூடு, வீல் கப்பு, டேஷ்போட்டுச் சட்டம், எதையும் விடாம எவனோ பெயிண்ட் பாஸ் அப்பி வெச்சிருக்கான். ஒரு கலரு மேல இன்னொரு கலரு. அதை எல்லாம் எடுத்துப்புட்டு ஜப்பான்காரன் குடுத்தபடி ஆக்கணும்ங்கிற. நல்ல எண்ணம். கையில தின்னர் டின்னு, கம்பி பிரஷ்ஷு, தலைக்கு மேல ரெண்டு நாள் லீவு. இந்த மூணும் ஒரே எடத்துல கூடுச்சுன்னா அந்த ஷெல்லு ஆயுசு அத்தோட சரி.

மாமன் படிக்காதவன். தோட்டத்து லயத்துல பொறந்து, துரைமாரு காருக்கு அடியில படுத்து எண்ணெய் குடிச்சவன். நீ போன்ல பாத்துட்ட, வெள்ளைக்காரன் ஒருத்தன் தொட்டதும் பெயிண்ட் உரிஞ்சு விழுது. அவன் அதுக்கு முந்தி எத்தனை சாமானைக் கொன்னான்னு அந்தப் படத்துல காட்ட மாட்டான். அதனால பிளேன்டீ ஆறுறதுக்குள்ள நான் ஒண்ணு சொல்லிர்றேன். உலகத்துல சோம்பேறிக்குன்னு ஒரு தொழிலை ஆண்டவன் ஒதுக்கி வெச்சிருந்தா, அது பிளாஸ்டிக்குல பெயிண்ட் எடுக்குற தொழில்தான். சுறுசுறுப்பானவன் அதுல கை வெச்சா வெளங்காது. உன்னை அலாரம் வெச்சும் எழுப்ப முடியாதுன்னு உங்கம்மா அழுகுறப்ப எல்லாம், இவன் பெரிய ஆளா வருவான்னு நான் மனசுக்குள்ள நெனச்சுக்குவேன்.

உன் தாத்தா காலத்துல இந்தத் தொல்லை கிடையாது. பங்களா வாசல்ல நின்ன மொரிஸ் மைனரை எடுத்துக்க. 1948ல வந்து 1971 வரைக்கும் செஞ்ச காரு. அலெக் இஸிகோனிஸ்னு ஒருத்தரு கீறின படம். பிரித்தானியாவுல பத்து லட்சம் தாண்டின முதல் காரு அதுதான். அதுல மூஞ்சி தகரம், டேஷ்போட் தகரம், வீல் கப்பும் குரோமியம் பூசின இரும்பு. பிளாஸ்டிக்குன்னு தேடினா ஸ்டியரிங்கு, பின் லைட்டு, நாலஞ்சு திருகு, அவ்வளவுதான். தகரத்துல டிங்கர் பாஸ் எதையும் பண்ணலாம். நெருப்புக் காட்டலாம், ரிமூவர் பூசலாம், சுரண்டலாம். ஓட்டை விழுந்தா வெல்டிங், அதுக்கு மேல புட்டி, அதுக்கு மேல பெயிண்ட். செஞ்ச பாவம் எல்லாம் உள்ளுக்குள்ள போயிரும். பிளாஸ்டிக்குல செஞ்ச பாவம் மூஞ்சியிலயே நிக்கும்.

அப்புறம் 1977ல ஜே.ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்தாரு, இறக்குமதிக் கதவைத் தெறந்து விட்டாரு, ஜப்பான் காருங்க வரிசையா கடுகண்ணாவை ஏத்தம் ஏறி கண்டிக்கு வந்துச்சு. வெள்ளைக்காரன் காரு அந்த ஏத்தத்துல பொயிலாகி, ஓரமா நின்னு, பொனட்டைத் தூக்கிக்கிட்டுத் தண்ணி கேக்கும். ஜப்பான்காரன் காரு கேக்காது. ஆனா அதுக்குப் பதிலா மூஞ்சி முழுக்க பிளாஸ்டிக்கைக் குடுத்துட்டான். புதுசுல அழகாத்தான் இருந்துச்சு. நாப்பது வருச வெயிலுக்கு அப்புறம்தான் கணக்கு வருது.

அந்தக் கணக்கையும் யாரும் பாத்திருக்க மாட்டாங்க, 2020 மார்ச்சுல அரசாங்கம் வாகன இறக்குமதியை நிப்பாட்டாம இருந்தா. 2025 பெப்ரவரியிலதான் தனியார் காருக்கு மறுபடி தெறந்து விட்டாங்க. நடுவுல அந்த அஞ்சு வருசமும் கொட்டில்ல கோழி அடைகாத்துக்கிட்டிருந்த காரெல்லாம் எழும்பி வந்து, தூசி தட்டிக்கிட்டு, 'கிளாசிக்'னு பேரு வெச்சுக்கிச்சு. நீ வாங்கினதும் அந்த வகையறாதான். கோழி எச்சம் இன்னும் டிக்கி மூலையில இருக்கு, பாத்தியா?

அந்த ஸ்ரீ நம்பர் பலகையை மட்டும் மாத்தாத. அதுக்கு இப்ப தனி மவுசு. நீ அதை அழகுக்கு வெச்சிருக்க, நான் அதை வேற கண்ணால பாக்குறவன். 1958ல அந்தச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துக்குத் தார் பூசுற போராட்டம் நடந்தப்ப, பொகவந்தலாவையில பொலிஸ் சுட்டு, தோட்டத்து ஆளுங்க ரெண்டு பேரு செத்தாங்க. பலகையில பூசின தாரை மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சுட்டு கார்க்காரங்க வழக்கம்போல ஓடினாங்க. சரி, அது கிடக்கட்டும். டீயைக் குடி.

முதல்ல அந்தச் சாமானைக் கழட்டு. கார்லயே வெச்சுத் தேய்க்கிறவன் மூதேவி. கழட்டுறதுலயும் ஒரு சோம்பேறித்தனம் வேணும். விடியக் காலையில ஹந்தானைப் பக்கமிருந்து குளிர் எறங்குற நேரத்துல கிளிப்பைத் தொட்டியானா 'டிக்'னு ஒரு சத்தம் கேக்கும். அது கிளிப்பு உன்னை வையிற சத்தம். வெயில் குடிச்ச பிளாஸ்டிக்கு குளிர்ல இன்னும் வெறைக்கும். பத்து மணி வரைக்கும் தூங்கு. எழும்பிச் சாப்பிட்டு, வெயில் ஏறினதும் கை பொறுக்குற சூட்டுல தண்ணிய ஊத்தி, கொஞ்சம் எளகவிட்டுக் கழட்டு.

கழட்டினதும் பின்பக்கம் திருப்பி டோர்ச் அடி. ஏ.பி.எஸ்., பி.பி., பி.சி.ன்னு எழுத்து அச்சு விழுந்திருந்தா உன் அதிர்ஷ்டம். எண்பதுகளோட ஆரம்பத்துச் சாமான்ல பெரும்பாலும் அது இருக்காது. அப்ப என்ன பண்ணுவ? போனைக் கேப்ப. போனுக்கு மோப்பம் பிடிக்கத் தெரியுமா?

ஒரு கிளாஸ்ல தண்ணி எடு. என் டீ கிளாஸை எடுக்காத. பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி ரெண்டு சொட்டு விடு. சாமானோட உள்பக்கம், ஒருத்தர் கண்ணுக்கும் படாத ஓரத்துல, பிளேடால நகத்துணுக்கு அளவு சீவு. பெயிண்ட் ஒட்டாத சீவலா இருக்கணும். அதைத் தண்ணியில போட்டு விரலால ஒரு தடவை அமுக்கி விடு, ஒட்டியிருக்குற காத்துக் குமிழ் போகட்டும். மேல வந்து மிதந்தா அது பொலிபுரொப்பலீன். தண்ணியோட எடையில பத்துல ஒன்பது பங்குதான் அது. அடியில போய்ப் படுத்துக்கிச்சுன்னா ஏ.பி.எஸ்., பொலிகாபனேட், அக்ரிலிக், நைலோன், இதுல ஒண்ணு. ஷெல்லும் கண்ணாடிக் கூடும் அநேகமா ஏ.பி.எஸ். லைட்டுக் கண்ணாடி அந்தக் காலத்துல அக்ரிலிக்.

மிதக்குறவன் முரடன். அசிட்டோனும் அவனை அசைக்காது. பெயிண்ட்டும் அவன் மேல ஒழுங்கா ஒட்டாது, பாதி எடத்துல நகத்தைக் குடுத்தாலே ஏடு ஏடா வந்திரும். வேலை முடிஞ்சுச்சு, நீ போய்ப் படு. மூழ்குறவன்தான் நோஞ்சான். அவனைத்தான் நீ தின்னரோட தேடிக்கிட்டு வர்ற.

தின்னர் என்ன பண்ணும்னு சொல்றேன். துணியில நனைச்சு ஒரு இழு இழுத்தா பெயிண்ட் வரும். உனக்குச் சிரிப்பு வரும், போனை எடுத்துப் படம் பிடிப்ப. ரெண்டாவது இழுப்புல துணி பிசுக்குன்னு ஒட்டும். மூணாவது இழுப்புல துணியில கருப்பு கருப்பா வருது பாரு, அது பெயிண்ட் இல்ல, உன் ஷெல்லு. தின்னருக்குள்ள இருக்குற அசிட்டோனும் டொலுயீனும் ஏ.பி.எஸ்.ஸைக் கரைக்கும். நிறுத்தினதும் மறுபடி காஞ்சு இறுகும், ஆனா துணியோட நெசவு அதுல அச்சு விழுந்திருக்கும். உன் பொஞ்சாதி நகப்பூச்சு எடுக்க வெச்சிருக்குற போத்தலும் பெரும்பாலும் அதே அசிட்டோன்தான், சின்னப் போத்தல்னு நம்பி எடுத்துராத. கடையில விக்கிற தகரத்துப் பெயிண்ட் ரிமூவர் அதுக்கும் மேல. மெத்திலீன் குளோரைட்டு கலந்ததா இருந்தா ஷெல்லையும் திங்கும், அடைச்ச அறையில உன்னையும் திங்கும். அமெரிக்காவுல வீட்டுப் பாவனைக்கு அந்த வகை ரிமூவரை விக்கிறதையே 2019ல நிப்பாட்டிட்டாங்க.

ஹீட் கன்னை எடுக்குறேன்னு நிக்காத. ஏ.பி.எஸ். நூத்தஞ்சு பாகை கிட்ட வந்ததும் எளக ஆரம்பிச்சிரும். ஹீட் கன் வாயில ஐநூறு பாகை வரும். முன்பக்கம் சிரிச்சுக்கிட்டு இருந்த காரு வாய் கோணிக்கிட்டு நிக்கும். கம்பி பிரஷ்ஷைப் பத்தி நான் பேசவே மாட்டேன், அது அடுப்புல கரி பிடிச்ச சட்டிக்கு.

சரி, எதைத்தான் செய்யிறது? பெயிண்ட் எந்தச் சாதின்னு முதல்ல பாரு. இந்த ஒரு விசயத்துல சாதி பாக்கலாம். அதே பெயிண்ட் வழிஞ்சு கிடக்குற தகரத்துல, கதவு இடுக்குல, பஞ்சுல தின்னர் ரெண்டு சொட்டு வெச்சுத் தேய். பஞ்சுல கலர் வந்தா என்.சி., அதான் நைட்ரோசெலுலோஸ் பெயிண்ட். 1920கள்ல அமெரிக்காவுல ட்யூபொன்ட் கம்பனி 'டுகோ'ன்னு கொண்டு வந்துச்சே, அந்தப் பரம்பரை. அதுக்கு முந்தி ஒரு காருக்குப் பெயிண்ட் அடிச்சுக் காய வாரக் கணக்காகும், டுகோ வந்ததும் மணிக் கணக்குல காஞ்சுச்சு. காஞ்சதை மறுபடி கரைக்கவும் லேசு. பஞ்சு சுத்தமா வந்தா அது டூ-கே, ஹார்ட்னர் கலந்து அடிச்சது. அது காயிறது இல்ல, உள்ளுக்குள்ள கட்டிக்கிறது. கட்டிக்கிட்டது லேசுல பிரியாது. எத்தனை பேருக்கு வாய்க்குது அது!

என்.சி.யா இருந்தா உன் சோம்பேறித்தனத்துக்கு ராஜயோகம். இலெக்ட்ரோனிக் சாமான் கழுவ விக்கிறாங்களே, 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோல், அதை வாங்கு. கொரோனாவுக்கு வாங்கி அலமாரியில அடுக்கின சானிட்டைசர் ஜெல்லை ஊத்தி மிச்சம் பிடிக்கலாம்னு பாக்காத, அதுல தண்ணியும் பசையும் கலந்திருக்கு. அல்ககோல்னதும் காதை விடைக்காத. இது குடிக்கிற சாமான் இல்ல, கசிப்புக்கு அண்ணன். ஷெல்லு முழுசா அமுங்குற பேசினா எடு, மேல மூடி இருக்கணும், அது உங்கம்மாவோட சாப்பாட்டுப் பேசினா இருக்கக் கூடாது. அடுப்படியில வெக்காத, பீடி குடிக்கிற என்னையும் கிட்டச் சேர்க்காத, பக்குன்னு பிடிச்சுக்கும். ஊறப் போட்டுட்டுப் போய் உக்காரு.

இங்கதான் உன்னால முடியாது. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா மூடியைத் தூக்கிப் பாப்ப. பாக்காத. சாயங்காலம் தூக்கு. பெயிண்ட்டோட ஓரம், பால் மேல ஆடை சுருங்குற மாதிரி, மெதுவாச் சுருங்கி எழும்பியிருக்கும். மூங்கிலைத் தட்டையாச் சீவி, அந்தச் சுருக்கத்துக்குக் கீழ குடு. கத்தி வேணாம், ஸ்க்ரூ டிரைவர் வேணவே வேணாம். வந்த வரைக்கும் எடு. வராதது இன்னும் ஊறட்டும். மூலை முடுக்குக்குப் பழைய பல் பிரஷ்ஷு.

அல்ககோலுக்கு அசையலேன்னா டெட்டோல். சிரிக்காத. பொம்மைச் சிப்பாய்க்குப் பெயிண்ட் அடிச்சு விளையாடுறதுக்குன்னே வெள்ளைக்கார ஊருல வளந்த ஆம்பளைங்க ஒரு கூட்டம் இருக்கு. பிடிக்காத பெயிண்ட்டை அவங்க டெட்டோல்ல ஊறப்போட்டுத்தான் எடுப்பாங்க. தண்ணி கலக்காம நேரா ஊத்து, ராப் பொழுது கிடக்கட்டும். ஆனா கவனமா கேளு, இது கடையில எழுதித் தர மாட்டாங்க. எடுத்ததும் குழாயில பிடிச்சுராத. தண்ணி பட்ட நிமிசம் கரைஞ்ச பெயிண்ட் அத்தனையும் பிசினா மாறி மறுபடி அப்பிக்கும், அதுக்கப்புறம் பிரஷ்ஷும் போச்சு, ஷெல்லும் போச்சு. டெட்டோலாலயே தேய்ச்சுக் கழுவு, இல்லாட்டி அல்ககோல்ல அலசு. பெயிண்ட் சுத்தமாப் போனதுக்கப்புறம்தான் சோப்பும் தண்ணியும். கைக்கு நைட்ரில் கிளவுஸ் போடு, தோலு வெந்திரும். வீட்டுப் பூனையை அந்தப் பக்கம் விடாத, அதுக்கு டெட்டோல் விசம். வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசம் அடிக்கும். பக்கத்து வீட்டு அக்கா யாருக்குச் சுகமில்லன்னு கேட்டுக்கிட்டு வருவா. ஷெல்லுக்குன்னு சொல்லு, அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்கு வரமாட்டா.

டூ-கேயா இருந்தா இந்த ரெண்டும் ரொம்ப மெதுவாத்தான் வேலை செய்யும், சில நேரம் செய்யவும் செய்யாது. கராஜ்காரங்க பிரேக் ஒயில்னு சொல்லுவாங்க. பொய்யில்ல, டொட் 3, டொட் 4 ரெண்டும் பெயிண்ட்டைத் தூக்கும். ஆனா அது சொட்டுற எடத்துல எல்லாம் தூக்கும், கார் மட்காட் உட்பட. நாள் கணக்கா ஊறப்போட்டா சில பிளாஸ்டிக்கு முறுகி வெடிக்கும். டொட் 5ன்னு சிலிக்கோன் வகை ஒண்ணு இருக்கு, அது பெயிண்ட்டையும் எடுக்காது, அந்தச் சிலிக்கோன் பட்ட எடத்துல நாளைக்கு அடிக்கிற பெயிண்ட் வட்டம் வட்டமா மீன் கண்ணு விடும். என்னைக் கேட்டா, டூ-கேக்கு வோட்டர் பேப்பர்தான். 400ல தொடங்கி 600, 800. தண்ணி ஊத்தி ஊத்தி. காஞ்ச தூசியா ஊதாத, பழைய மஞ்சள், சிவப்புப் பெயிண்ட்டுல ஈயம் கலந்திருந்த காலம் உண்டு, அந்தத் தூசி உன் புள்ளை வாய்க்குள்ள போகக் கூடாது.

பின் லைட்டுக் கண்ணாடியில தெறிச்ச பெயிண்ட்டுக்கு இது எதுவுமே ஆகாது. அக்ரிலிக்குல அல்ககோல் பட்டா மயிரிழை மயிரிழையா வெடிப்பு விழும், உடனே இல்ல, நீ பெருமையா எடுத்து மாட்டினதுக்கு அப்புறம். அதுக்கு ரப்பிங் கம்பவுண்ட், மெத்துன்னு ஒரு துணி, ஒரு கிரிக்கெட் மெச்சு முழுசா ஓடுற நேரம். ஐம்பது ஓவர் மெச்சு.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச பகுதி. அடுக்கு அடுக்கா வர்றப்ப அவசரப்பட்டுத் தொடச்சு எறியாதே, உக்காந்து பாரு. மேல கருப்பு, அது உனக்கு வித்தவன், விக்கிறதுக்கு ஒரு வாரம் முந்தி அடிச்சிருப்பான், அதுதான் முதல்ல உரியும். அதுக்குக் கீழ வெள்ளி, காருக்கு வால் மாதிரி ஸ்பொய்லர் பூட்டித் திரிஞ்சானே ஒரு எளந்தாரி, அவன் கைவரிசை. அதுக்குக் கீழ மஞ்சள். மஞ்சளை ஏன் அடிச்சான்னு கடவுளுக்கும் தெரியாது. ஆனா மஞ்சளுக்குக் கீழ ப்ரைமர் இருந்தா அந்த ஆளு யோக்கியன், வேலை தெரிஞ்ச பாஸைத் தேடிப் போயிருக்கான். ப்ரைமர் இல்லாம நேரா அடிச்சிருந்தா கடன்காரன். காரோட புத்தகத்துல பழைய சொந்தக்காரங்க பேரு இருக்கும். அவங்க கொணம் இந்த அடுக்குலதான் இருக்கு.

கடைசி அடுக்குக்குக் கீழ ஓரமா மினுக்குன்னு ஏதாவது தெரிஞ்சா கையை எடுத்துரு. அது குரோமியம். பிளாஸ்டிக்கு மேல செம்பு, நிக்கல், குரோமியம்னு ஜப்பான்காரன் முறையாப் பூசினது. குரோமியத்துல பெயிண்ட் சரியா ஒட்டாது, அதனால அது அனேகமா உயிரோடதான் உள்ள உக்காந்திருக்கும். அங்க வோட்டர் பேப்பரைக் கொண்டு போனியானா, உனக்குக் காரே குடுத்திருக்கக் கூடாது. சில சாமான்ல அது குரோமியமா இருக்காது, அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வெச்ச மெல்லிசுத் தோலா இருக்கும். அதுக்குக் கோஸ்டிக் சோடாவும் ஓவன் கிளீனரும் எமன். ஏ.பி.எஸ்.ஸை ஒண்ணும் பண்ணாத கோஸ்டிக், அலுமினியத்தைப் பொங்கித் தின்னுட்டுப் போயிரும்.

டேஷ்போட்டுச் சட்டம் இன்னொரு கூத்து. அது கம்பனியில பெயிண்ட்டே காணாத சாமான். அச்சுலயே கருப்பா வார்த்தது, மேல தோல் வரி வரியா ஒரு சொரசொரப்பு. கருப்பாவே பொறந்ததுக்கு எதுக்குக் கருப்புப் பூச்சு? ஆனா நம்ம ஊருல கருப்பா பொறந்த எதையும் சும்மா விட மாட்டாங்க, ஒண்ணு வெளுக்க வைப்பாங்க, இல்ல பளபளன்னு ஆக்குவாங்க. அந்தப் பூச்சை ஊறவெச்சு மட்டும் எடு. பேப்பர் போட்டியானா அந்த வரி அழிஞ்சிரும், எந்தப் பாஸாலயும் அதைத் திருப்பிக் கொண்டாற முடியாது. எடுத்ததுக்கு அப்புறம் ஒண்ணும் அடிக்காத. ஒண்ணும் அடிக்காம விடுறதுக்கும் ஒரு கெட்டிக்காரத்தனம் வேணும், உன் முகத்தைப் பாத்தா அது இருக்குற மாதிரித் தெரியல.

மிச்சம் இருக்குற அழுக்குத் தண்ணியை எங்க ஊத்துவ? கான்ல. கானு எங்க போகுது? மெத எலைக்கு. 1807ல ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நம்ம கண்ணுசாமி, வெட்டின குளத்துத் தண்ணி வழிஞ்சு டவுனுக்குள்ள ஓடுற அதே மெத எலை. கட்டம்பையில மகாவலியில போய் விழுது. அந்த ஆத்துத் தண்ணியத்தான் கட்டம்பையில எடுத்துச் சுத்தம் பண்ணி டவுனுக்கு அனுப்புறாங்க. ஆக நீ காலையில ஊத்தின டெட்டோலும் மஞ்சப் பெயிண்ட்டும் சுத்தி வந்து உன் பிளேன்டீயிலயே எறங்கும். அதனால பழைய போத்தல்ல ஊத்தி மூடி வை. பெயிண்ட் கசடு அடியில தங்கும், மேல தெளிஞ்ச அல்ககோலை அடுத்த சாமானுக்கு எடுத்துக்கலாம். கசடைக் காயவிட்டுப் பேப்பர்ல சுருட்டிக் குப்பைக்காரங்க கையில குடு, என்ன சாமான்னும் சொல்லிக் குடு. அவங்க மஹியாவ நம்ம சனம், கையுறை இல்லாம அள்ளுறவங்க.

கழட்டுறப்ப ஷெல்லைப் பூட்டுற காதுல ரெண்டு ஒடிஞ்சிருக்கும். ஒடியலேன்னு சொல்லாத, உன் கையை எனக்குத் தெரியும். அங்கதான் அந்த அசிட்டோன் உனக்கு உதவும். அதே ஏ.பி.எஸ். துண்டு, உடைஞ்சு போனதுல மிச்சம், சின்னச் சின்னதா நறுக்கி, கண்ணாடிப் போத்தல்ல அசிட்டோன் கொஞ்சமா ஊத்தி மூடி வெச்சா மறுநாள் கெட்டிக் குழம்பா நிக்கும். ஒடிஞ்ச எடத்துல அந்தக் குழம்பைத் தடவிப் பொருத்திக் கட்டி வை. அசிட்டோன் பறந்து போகும், பிளாஸ்டிக்கு மட்டும் நின்னு ஒரே உடம்பா இறுகும். கடையில விக்கிற சுப்பர் குளூவை விட அது எவ்வளவோ மேல. மிதக்குற முரடன்கிட்ட மட்டும் இது பலிக்காது.

திரும்பப் பெயிண்ட் அடிக்கிறதுன்னா கண்டி மழையைப் பாத்து அடி. ஒக்டோபர், நவம்பர்ல என்.சி.யை எடுத்துக்கிட்டு வெளிய போனியானா, தின்னர் பறக்குறப்ப மேல்தோல் குளிர்ந்து, காத்துல இருக்குற ஈரம் அதுல படிஞ்சு, கருப்பு ஷெல்லு வெள்ளை பூத்து நிக்கும். பெப்ரவரி, மார்ச்சு வரைக்கும் இரு. முரடனுக்கு முதல்ல பிளாஸ்டிக் ப்ரைமர் ஒரு மெல்லிசுப் பூச்சு, அது இல்லாம எதை அடிச்சாலும் அடுத்த வருசம் நகத்தால உரிச்சு விளையாடலாம். மத்ததுக்கு மெல்லிசா, நிறுத்தி நிறுத்தி. ஒரே மூச்சுல கெட்டியா அடிச்சா பெயிண்ட்டுல இருக்குற தின்னரே ஏ.பி.எஸ்.ஸைக் கடிக்கும்.

இவ்வளவையும் தலையாட்டிக் கேட்டுட்டு, நான் படி எறங்கினதும் நீ என்ன செய்வன்னு எனக்குத் தெரியாதா? செய், உன் காரு. உருகிப் போனா அதைக் குப்பையில போட்டுராத, எனக்குக் குழம்பு காய்ச்ச ஆகும். வேற ஷெல்லுக்குக் கொழும்புக்குப் போய் பஞ்சிகாவத்தையில கடை கடையா ஏறி எறங்காத, அங்க உன் வாய்ப் பேச்சைக் கேட்டதுமே விலையை ஏத்திருவாங்க. என் கொட்டில்ல ஒண்ணு கிடக்கு. பழைய வீரகேசரியில சுத்தி வெச்சிருக்கேன், நாலு காதும் முழுசு, ஒரு கீறல் இல்ல, இது வரைக்கும் எந்தப் பாஸும் தொடாதது. சொந்தத்துக்குள்ள என்ன விலை பேசுறது? உன் டிக்கியில கோழி எச்சத்துக்குப் பக்கத்துல ஜப்பான் ஜாக்கி ஒண்ணும் நல்ல ஸ்பேர் வீலும் பாத்தேன். அது ரெண்டையும் எறக்கி வாசல்ல வெச்சுட்டுப் போ, ஷெல்லு வேணுமா வேணாமான்னு பிறகு ஆறுதலா யோசிக்கலாம்.